பிஎஸ்டி கோப்பைத் திருத்துவதா, பிப்லேடெக்கில் மேலெழுதுவதா?

பாதி_ஆய்வேடு

வணக்கம். ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேற்கோள்கள் முந்நூறைத் தாண்டிவிட்டன. எங்கள் துறைக் கையேடு கேட்கும் துணைநூற்பட்டியல் வடிவம் எந்தத் தயார் ஸ்டைலோடும் முழுதாக ஒத்துப்போகவில்லை. கையேடு சொல்வது இது: கட்டுரைக்குள் ஆசிரியர்–ஆண்டு முறை. பட்டியலில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் முன்னால், பிறகு முதலெழுத்து. கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள்குறி கூடாது, இதழ்ப் பெயருக்கு முன் ‘இன்:’ கூடாது. தொகுதி எண் தடித்த எழுத்தில், இதழ் எண் அடைப்புக்குறிக்குள். ஆறு ஆசிரியர் வரை அனைவரும் வர வேண்டும். ஏழு பேர் ஆகிவிட்டால் முதல் மூவரும் ‘எட் ஆல்’-உம். கடைசியில் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்), அதன்பின் முற்றுப்புள்ளி இல்லை.

பிப்டெக் என்ற துணைநூற்பட்டியல் நிரலுக்கான ஸ்டைல் கோப்புகளில் (பிஎஸ்டி) ஒன்றான ப்ளெயின்நாட்டை நகலெடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். பெயர் வரிசை சரியாகிவிட்டது. ஏழு பேர் விதியில் கை வைத்ததிலிருந்து, லிட்டரல் ஸ்டேக் காலியாக இல்லை என்று ஒவ்வொரு என்ட்ரிக்கும் எச்சரிக்கை வருகிறது. எந்த வரியில் பிழை என்று சொல்வதில்லை. இதைத் தொடர்வதா, பட்டியலை லேடெக் கட்டளைகளாலேயே வடிவமைக்கும் பிப்லேடெக் தொகுப்புக்கு மாறுவதா?

நிறுத்தற்குறி

மாறிவிடுங்கள். தயக்கமே வேண்டாம். நீங்கள் போராடிய அந்த ஏழு பேர் விதி பிப்லேடெக்கில் இரண்டு ஆப்ஷன்: மேக்ஸ்பிப்நேம்ஸ்=6, மின்பிப்நேம்ஸ்=3. அவ்வளவுதான்.

பிஎஸ்டி மொழி ஸ்டேக்கில், அதாவது மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுக்கும் நினைவகத்தில், இயங்குவது. எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். நிபந்தனையின் இரு கிளைகளும் முதலில், ‘இஃப்’ பிறகு. ஒரு கிளை ஸ்டேக்கில் ஒரு சரத்தை விட்டுவிட்டு, இன்னொன்று விடாமல் போனால் நீங்கள் சொல்லும் எச்சரிக்கைதான் வரும். பட்டியல் என்ட்ரிக்கு என்ட்ரி சரிந்துகொண்டே போகும். 1980-களில் இதை வடிவமைத்தவர் ஒரேன் படாஷ்னிக். அன்று அது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்று ஆய்வு மாணவர் ஒருவர் நிறுத்தற்குறியை மாற்றுவதற்காக அந்த மொழியைக் கற்க வேண்டியதில்லை. பிப்லேடெக்கில் எழுதுவது நமக்கு ஏற்கனவே பழகிய லேடெக் மேக்ரோ.

அச்சுக்கோவை

நிறுத்தற்குறி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதியை ஒப்புக்கொள்ள முடியாது. இதழ்களுக்குப் பக்கம் கோக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

கேட்டவரின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள்குறி இல்லை: ப்ளெயின்நாட்டில் ஏற்கனவே இல்லை. ‘இன்:’ இல்லை: இதழ்க் கட்டுரைக்கு ஏற்கனவே இல்லை. இதழ் எண் அடைப்புக்குறிக்குள்: ஏற்கனவே அப்படித்தான். பிப்லேடெக்கின் ஆதர்இயர் ஸ்டைலில் இந்த மூன்றும் நேர்மாறாக இருக்கும். அங்கே போய் அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கரையை நெருங்கியவரை மறுபடி ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறீர்கள்.

தம்பி, உங்கள் பிழைக்கு வழி இது. ஃபார்மேட்.நேம்ஸ் ஃபங்ஷனில் ஒவ்வொரு பெயரையும் வடிவமைத்து ‘டி’ என்ற மாறியில் வைக்கும் வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் ஒரு நிபந்தனை சேருங்கள்: நேம்ப்ட்ர் (எத்தனையாவது பெயர்) 4 ஆக இருந்து, நம்நேம்ஸ் (மொத்தப் பெயர்கள்) 6-க்கு மேல் என்றால், ‘டி’-யில் ‘அதர்ஸ்’ என்ற சொல்லைப் போட்டு நேம்ஸ்லெஃப்ட்டை (மீதிப் பெயர்கள்) 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ‘ஸ்கிப்’. மிச்சத்தைக் கீழே உள்ள பழைய பகுதியே பார்த்துக்கொள்ளும். ‘அதர்ஸ்’ வந்தால் ‘எட் ஆல்’ போடு என்று அதில் முன்பே எழுதியிருக்கிறது. நீங்கள் அநேகமாக ‘எட் ஆல்’ சரத்தை நேரடியாக ஸ்டேக்கில் வைத்துவிட்டு, முந்தைய சரத்தோடு ஒட்டும் நட்சத்திரக் குறியை விட்டிருப்பீர்கள்.

கடைசிப் புள்ளிக்கு: ஃபின்.என்ட்ரி ஃபங்ஷனில் டிஓஐ காலியாக இருந்தால் மட்டும் புள்ளி சேர்க்கச் சொல்லுங்கள். தொகுதி எண்ணை டெக்ஸ்ட்பிஎஃப் கட்டளைக்குள் வைத்தால் தடித்துவிடும், காலியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வரி. திருத்திய கோப்புக்கு வேறு பெயர் வைக்க மறக்காதீர்கள். மூல ஸ்டைல்களைத் திருத்திப் பகிர்வதென்றால் பெயரை மாற்ற வேண்டும் என்பது அவற்றின் உரிமக் குறிப்பிலேயே இருக்கிறது.

நிறுத்தற்குறி

பத்துப் பன்னிரண்டு வரி என்கிறீர்கள். அந்த வரிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உள்ள கோப்புக்குள் எங்கெங்கோ கிடக்கும். அடுத்த ஆண்டு அதே துறையில் இன்னொரு மாணவர் அந்தக் கோப்பை வாங்கிக்கொள்வார். எது மூலம், எது திருத்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் கையில் அப்படி மூன்று கை மாறி வந்த ஒரு பிஎஸ்டி இருந்தது. மாநாட்டுக் கட்டுரைகளுக்கு மட்டும் பக்க எண் வராது. யார் எதற்காக அதை எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிப்லேடெக்கில் என் மாற்றங்கள் ஆவணத்தின் தொடக்கப் பகுதியான ப்ரியாம்பிளில், என் கண்முன்னே இருக்கும்.

கழற்றுவது பற்றி: தலைப்பின் மேற்கோள்குறியை எடுக்க டிக்ளேர்ஃபீல்டுஃபார்மேட் ஒரு வரி. தொகுதியைத் தடிக்க வைக்க ஒரு வரி. பெயர் வரிசைக்கு டிக்ளேர்நேம்அலயஸ் ஒரு வரி, முதலெழுத்துக்கு கிவன்இனிட்ஸ் ஆப்ஷன்.

இன்னொன்று, நிறுத்தற்குறிகளைக் கண்காணிப்பது. பிப்லேடெக் ஒரு புலம் காலியாக இருந்தால் அதற்கு முந்தைய காற்புள்ளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். கேள்விக்குறியில் முடியும் தலைப்புக்குப் பின் இன்னொரு புள்ளி வைக்காது.

அச்சுக்கோவை

கேள்விக்குறிக்குப் பின் புள்ளி வைக்காத அறிவு பிப்டெக்குக்கும் உண்டு. ஆட்.பீரியட் அதைத்தான் செய்கிறது.

ஒரு வரி, ஒரு வரி என்று எண்ணினீர்கள். இதழ் எண்ணை விட்டுவிட்டீர்களே. தொகுதிக்கும் இதழ் எண்ணுக்கும் நடுவில் பிப்லேடெக் ஒரு புள்ளி வைக்கிறது. அடைப்புக்குறி மட்டும் சேர்த்தால் 12.(3) என்று வரும். அந்தப் புள்ளியை எடுக்க வால்யூம்+நம்பர்+ஈஐடி என்ற பிப்மேக்ரோவையே மறுபடி எழுத வேண்டும். அந்தப் பெயரில் ஒரு மேக்ரோ இருக்கிறது என்று புதியவருக்கு யார் சொல்வார்கள்? ஸ்டாண்டர்ட்.பிபிஎக்ஸ் கோப்பைத் திறந்து தேட வேண்டும். பிஎஸ்டியைத் திறந்து தேடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்று. 2016-இல் பிப்லேடெக்கின் 3.3 பதிப்பு வந்தபோது ஃபர்ஸ்ட்-லாஸ்ட் என்றிருந்த பெயர் வடிவங்கள் கிவன்-ஃபேமிலி என்று மாறின, பெயர்களைக் கையாளும் முறையே மாறியது. முந்தைய ஆண்டு ஒழுங்காக ஓடிய தனி ஸ்டைல்களைப் பலர் திருத்த வேண்டியதாயிற்று. பிப்லேடெக்குக்காகத் தரவைப் படித்து வரிசைப்படுத்தும் பைபர் நிரலும் பிப்லேடெக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு கணினியில் பைபர் எழுதித் தந்த பிபிஎல் கோப்பை வேறு பதிப்புள்ள கணினிக்குக் கொண்டுபோனால், வடிவப் பதிப்பு தவறு என்று நிற்கும். ஆசிரியர் அனுப்பும் கோப்பை இன்னொருவர் திறந்து ஓட்டுவதுதான் என் தொழில். 1988-இன் ப்ளெயின்.பிஎஸ்டி இன்றும் அதே பட்டியலைத் தருகிறது. ஒரு கருவியிடம் இதைவிடப் பெரிய நேர்மையை நான் எதிர்பார்ப்பதில்லை.

தரவே_முதல்

இருவரும் ஸ்டைலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முந்நூறு என்ட்ரிகளின் நிலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஸ்டைலும் அழுக்கான தரவைச் சரி செய்யாது.

பாதி_ஆய்வேடு, முதலில் இதைப் பாருங்கள். ஆசிரியர் புலத்தில் பெயர்களுக்கு நடுவில் ‘ஆண்ட்’ இருக்கிறதா, காற்புள்ளி இருக்கிறதா? காற்புள்ளி இருந்தால் ஏழு பேரை ஒரே ஆளாக எண்ணும். உங்கள் ஏழு பேர் விதி ஒருபோதும் வேலை செய்யாது. நிறுவனமே ஆசிரியராக இருக்கும் இடத்தில் இரட்டை நெளிவடைப்பு போட்டிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகி, மற்ற இரண்டும் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். தலைப்புகளை முழுதாக நெளிவடைப்புக்குள் போட்டிருக்கிறீர்களா? பிப்டெக்கின் வழக்கமான ஸ்டைல்கள் கட்டுரைத் தலைப்பைச் சிறிய எழுத்தாக்கும். அதைத் தடுக்கப் பலர் முழுத் தலைப்பையும் பூட்டிவிடுகிறார்கள். டிஎன்ஏ போன்ற சொல்லை மட்டும் பூட்டினால் போதும்.

இவற்றைச் சரி செய்தபின், சிஎஸ்எல்லை எண்ணிப்பாருங்கள். எக்ஸ்எம்எல்லில் எழுதும் மேற்கோள் ஸ்டைல் மொழி. சொடேரோ, மெண்டலி, பாண்டாக், டைப்ஸ்ட் எல்லாம் அதைப் படிக்கும். பொதுக் களஞ்சியத்தில் 10,000-க்கு மேல் ஸ்டைல்கள் இருக்கின்றன. உங்கள் ஏழு பேர் விதி அங்கேயும் இரண்டே பண்புகள்: எட்-ஆல்-மின் 7, எட்-ஆல்-யூஸ்-ஃபர்ஸ்ட் 3. லேடெக்குக்குள்ளும் சைட்ப்ராக்-லுவா வழியாக ஓட்டலாம். ஒரு தடவை எழுதினால் எந்த மென்பொருளுக்கும் போகும்.

நிறுத்தற்குறி

தரவைப் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

சிஎஸ்எல்லை ஏற்கவில்லை. சிஎஸ்எல்லில் என்ட்ரி வகைகளும் புலங்களும் முன்பே வரையறுத்தவை. ஆவணக் காப்பகக் கட்டு எண், கையெழுத்துப்படி என்று வந்தால் பிப்லேடெக்கில் புதிய வகையையே அறிவிக்கலாம். சிஎஸ்எல்லில் இருப்பதற்குள் அடக்க வேண்டும். ஒரே பட்டியலில் இரு மொழி நூல்கள் கலந்து வந்தால், சிஎஸ்எல்லின் 1.0.2 பதிப்பில் என்ட்ரிக்கு என்ட்ரி மொழி மாற்ற நேரான வழி இல்லை. பிப்லேடெக்கில் லாங்ஐடி புலத்தில் மொழியைக் குறித்து, ஆட்டோலாங் ஆப்ஷனையும் கொடுத்தால் போதும், ‘எட் ஆல்’ வரும் இடத்தில் ‘மற்றும் பலர்’ என்று நாமே சொல் கொடுக்கலாம்.

அச்சுக்கோவை ஐயா, இந்த இடத்தில் உங்கள் பதிலை உண்மையாகவே எதிர்பார்க்கிறேன். தமிழ் எழுத்தில் உள்ள பெயரை முதலெழுத்தாகச் சுருக்கச் சொன்னால் பழைய பிப்டெக் என்ன செய்யும்? யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். பிப்டெக் முதல் பைட்டை மட்டும் வெட்டி எடுக்கும். பட்டியலில் உடைந்த குறி விழும். ‘கு’ என்பதில் உகரம் தனிக் குறியீடு என்பது அதற்கும் அப்பால் உள்ள சிக்கல்.

அச்சுக்கோவை

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யூனிகோடுக்கென்று பிப்டெக்யு இருக்கிறது, முதலெழுத்தைக் கையால் தரவிலேயே எழுதியும் சமாளிக்கலாம். சமாளிப்புதான். லத்தீன் அல்லாத எழுத்தில் பட்டியல் வேண்டும் என்றால் பைபர் பக்கம் போவதே சரி. அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை.

சிஎஸ்எல் பற்றி நிறுத்தற்குறியோடு ஒத்துப்போகிறேன், காரணம் வேறு. எக்ஸ்எம்எல்லில் ஒரு காற்புள்ளியை நகர்த்த, அது ப்ரிஃபிக்ஸிலா சஃபிக்ஸிலா டிலிமிட்டரிலா என்று மூன்று இடம் தேட வேண்டியிருக்கிறது.

பாதி_ஆய்வேடு

அச்சுக்கோவை ஐயா, நீங்கள் சொன்ன நிபந்தனையைச் சேர்த்தேன். எச்சரிக்கைகள் மொத்தமாகப் போய்விட்டன. நட்சத்திரக் குறியைத்தான் விட்டிருந்தேன். மிக்க நன்றி.

தரவே_முதல் சொன்னபடி தேடினேன். இணையத்திலிருந்து இறக்கிய என்ட்ரிகளில் பதினான்கில் காற்புள்ளிப் பிழை. நிறுவனப் பெயர்கள் ஏறத்தாழ எல்லாமே தவறு. இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு புதிய சிக்கல். மூன்றாம் அத்தியாயத்தைக் கட்டுரையாக ஓர் இதழுக்கு அனுப்பச் சொல்கிறார் வழிகாட்டி. அந்த இதழ் தன் பிஎஸ்டியைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. ஆய்வேட்டிலோ ஓர் இயலில் தமிழ் நூல்கள் இருபது வருகின்றன. அவற்றைத் தமிழிலேயே போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பிப் கோப்பை (மேற்கோள் தரவுக் கோப்பை) வைத்துக்கொள்ள முடியுமா?

நிறுத்தற்குறி

முடியும். புலங்களுக்குப் பழைய பெயர்களையே வைத்துக்கொள்ளுங்கள்: ஜர்னல், இயர், அட்ரஸ். பிப்லேடெக் இவற்றையும் படிக்கும். ஜர்னல்டைட்டில், டேட், லொகேஷன் என்று புதிய பெயர்களுக்கு மாற்றினால்தான் பிப்டெக்குக்குத் தெரியாமல் போகும். ஏற்கனவே மாற்றிவிட்டிருந்தால் பைபரின் டூல் மோட் புலப்பெயர்களைத் திருப்பி எழுதித் தரும்.

ஆய்வேட்டுக்கு வெறும் ஆதர்இயருக்குப் பதில் பிப்லேடெக்-எக்ஸ்ட் தொகுப்பின் எக்ஸ்ட்-ஆதர்இயர் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்:’ போக ஆர்டிகிள்இன்=ஃபால்ஸ். அச்சுக்கோவை ஐயா சுட்டிய அந்தப் புள்ளிக்கு வால்நம்டிலிம் என்று தனிக் கட்டளையே இருக்கிறது. மேக்ரோவை மறுபடி எழுத வேண்டாம். டிஓஐ இருக்கும்போது முற்றுப்புள்ளியை விட ஃபின்என்ட்ரி மேக்ரோவில் ஒரு நிபந்தனை போதும்.

அச்சுக்கோவை

நானும் இப்போது அதையே சொல்வேன். ஆய்வேட்டை உங்கள் கணினியில் நீங்களே பிடிஎஃப் ஆக்கித் தரப்போகிறீர்கள், வேறு யாரும் அதை ஓட்டப்போவதில்லை. அங்கே பிப்லேடெக் இருக்கட்டும். ஒன்று மட்டும்: சமர்ப்பிக்கும்வரை லேடெக், பிப்லேடெக், பைபர் எல்லாம் சேர்ந்து வரும் டெக் லைவ் தொகுப்பைப் புதுப்பிக்காதீர்கள். இதழுக்குப் போவது அவர்கள் பிஎஸ்டியில், ஒரு வரிகூடத் திருத்தாமல் போகட்டும். இதழின் ஸ்டைலை அழகுபடுத்தி அனுப்பும் ஆசிரியர்களின் வேலையை நாங்கள் கழற்றிவிட்டுத்தான் பக்கம் கோக்கிறோம்.

தரவே_முதல்

சிஎஸ்எல் பற்றி நான் சொன்னதை உங்கள் விஷயத்தில் திரும்பப் பெறுகிறேன். பிஎஸ்டிதான் வேண்டும் என்று இதழ் கேட்கும்போது அதற்கு இடமில்லை. வேர்டில் எழுதும் கூட்டாசிரியர் யாராவது வந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

பாதி_ஆய்வேடு

மாறிவிட்டேன். பட்டியல் கையேட்டில் உள்ளபடியே வருகிறது. ஒரே ஒரு இடம் புரியவில்லை. மேக்ஸ்சைட்நேம்ஸ்=2 என்று கொடுத்தும், இரண்டு கட்டுரைகளுக்கு மட்டும் உரைக்குள் மூன்று பெயர்கள் நீண்டு வருகின்றன. இரண்டுக்கும் முதல் ஆசிரியரும் ஆண்டும் ஒன்றே.

நிறுத்தற்குறி

அது பிழை இல்லை. முதல் ஆசிரியரோடு ‘எட் ஆல்’ என்று நிறுத்தினால் இரண்டும் ஒரே மேற்கோளாகத் தெரியும். அதனால் வேறுபடும் பெயர் வரை நீட்டுகிறது. ஏபிஏ மேற்கோள் கையேட்டின் 7-ஆம் பதிப்பு இதைத்தான் கேட்கிறது. உங்கள் கையேடு ஆண்டோடு a, b சேர்த்துப் பிரிக்கச் சொன்னால் யூனிக்லிஸ்ட்=ஃபால்ஸ் கொடுங்கள்.

பாதி_ஆய்வேடு

கையேட்டில் எழுத்து சேர்க்கவே சொல்லியிருக்கிறது. கொடுத்தேன், 2019a, 2019b என்று வந்துவிட்டது.