பட் பெட்டிக்கர் படங்கள்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி:
ஜான் ஃபோர்டு, செர்ஜியோ லியோனி எடுத்த வெஸ்டர்ன்களை (குதிரை, துப்பாக்கி கௌபாய் படங்களை) ஓரளவு பார்த்துவிட்டேன். இயக்குநர் பட் பெட்டிக்கர் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. 1956 முதல் 1960 வரை நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டை வைத்து ஏழு படங்கள், எல்லாம் ஒண்ணேகால் மணி நேரம்தான் என்கிறார்கள். சின்ன பட்ஜெட்டில் அவசரமாக எடுத்த படங்களில் அப்படி என்ன இருக்கிறது? அப்புறம் ஏன் நின்றுபோனது?

பதில் 1:
'செவன் மென் ஃப்ரம் நவ்' (1956) பாருங்கள். மழை இரவு. பாறை இடுக்கில் தீ மூட்டிக் குளிர்காயும் இரண்டு பேரிடம் ஸ்காட் வந்து உட்கார்ந்து காபி வாங்கிக் குடிக்கிறார். ஊரில் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் பேச்சு வருகிறது. சட்டென்று வெடிச்சத்தம், சுடுவதைக் காட்டாமல் வெளியே கட்டியிருக்கும் குதிரைகளைக் காட்டுகிறார் பெட்டிக்கர். பணம் இல்லாதவர் செய்த சிக்கனமாக எனக்கு அது தெரியவில்லை. எதைக் காட்ட வேண்டாம் என்று தெரிந்தவரின் வேலை.

அதே படத்தில் வண்டிக்குள் வில்லனாக வரும் லீ மார்வின் காபியைக் குடித்துக்கொண்டே, கணவன் எதிரிலேயே அவன் மனைவியைக் குத்திக்காட்டி ஒரு கதை சொல்வார். நாலு பேர், ஒரு கூண்டு வண்டி, அவ்வளவுதான். மூச்சு முட்டும். பெட்டிக்கரின் வில்லன்களுக்குப் பேச்சும் சிரிப்பும் ஆசையும் உண்டு. நாயகனுக்கு அவர்களைக் கொஞ்சம் பிடித்தும் இருக்கும். திரைக்கதையைப் பெரும்பாலும் எழுதியது பர்ட் கென்னடி.

கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊர்ப் பக்கத்துப் பாறைகளில்தான் நாலு படங்கள். மூன்றாவது படத்தில் அந்தப் பாறையே நமக்குத் தெரிந்த முகமாகிவிடும்.

பதில் 2:
ஏழையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, நண்பரே. 'வெஸ்ட்பவுண்ட்' (1959) சாதாரணப் படம், கடைசியாகப் பார்த்தால் போதும். ஆனால் அதே ஆண்டு வந்த 'ரைட் லோன்சம்' வேறு ரகம். கைதியை இழுத்துக்கொண்டு ஸ்காட் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார் என்பது தெரியவரும் இடமும், கடைசியில் அந்த மரம் எரிவதும்... இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பதில் 1:
சரிதான், 'வெஸ்ட்பவுண்ட்' விஷயத்தில் உடன்படுகிறேன்.

ஏன் நின்றது என்று கேட்டிருந்தீர்கள். இளம் வயதில் மெக்சிகோவில் காளைப் போர் கற்றவர் பெட்டிக்கர். 1941-லேயே அந்தக் கலைக்கு ஆலோசகராகத்தான் ஹாலிவுட்டுக்குள் நுழைந்தார். 1960-ல் 'கமாஞ்சி ஸ்டேஷன்' முடிந்ததும், மாட்டாடர் (காளைப் போர் வீரர்) கார்லோஸ் அர்ரூசாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மெக்சிகோவுக்கே திரும்பிப் போனார். பணம் கரைந்தது, மணவாழ்க்கை முறிந்தது, சிறையிலும் மனநல விடுதியிலும் கிடந்தார். 1966-ல் அர்ரூசா கார் விபத்தில் இறந்தார். அப்போதும் படத்தைக் கைவிடவில்லை, முடித்துவிட்டுத்தான் விட்டார்.

நல்ல வெஸ்டர்ன்கள் இன்னும் பத்து கிடைத்திருக்குமே என்று எனக்கு ஆற்றாமைதான். முதலில் 'செவன் மென்', அடுத்து 'தி டால் டி', அப்புறம் 'ரைட் லோன்சம்'. இந்த வரிசையில் பாருங்கள்.