லெனின்கிராடு முற்றுகையில் சிம்பொனி: அந்தப் பசியில் எப்படி வாசித்தார்கள்?

கேள்வி:
2020 ஊரடங்கில் எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி தினமும் மாலை ஆறு மணிக்கு பால்கனியில் வீணை வாசிப்பார். அந்த மாதம்தான் அப்பாவை இழந்திருந்தேன். பெயர்கூடத் தெரியாத அண்டை வீட்டார் அவரவர் கம்பிக் கதவோரம் நிற்போம். மோகனம் கேட்டால் இன்றும் அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை முற்றுகையிட்ட சோவியத் நகரமான லெனின்கிராடிலும் இப்படி நடந்ததாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி, 1942 ஆகஸ்ட் 9 அன்று அங்கே வாசித்தார்கள். வானொலி இசைக்குழுவில் பலர் பட்டினியில் இறந்துவிட்டார்கள். முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் நின்றுபோனது; ஊதுகருவிக்காரர்களுக்கு மூச்சே போதவில்லை. படைப்பிரிவுகளில் இருந்தெல்லாம் ஆள் சேர்த்து, கூடுதல் உணவு கொடுத்துத்தான் நடத்துநர் எலியாஸ்பெர்க் அதை முடித்தார். நான் வயலின் வாசிப்பவன். ஒருவேளை சாப்பிடாவிட்டாலே எனக்கு வில் நடுங்கும். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் படைப்பு அது!

பதில் 2:
கச்சேரி நேரத்தில் குண்டு விழாமலிருக்க சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே ஜெர்மானிய நிலைகளைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் வழியே தெருவிலும், எதிரி வரிசை வரைக்கும் இசை போனது. 1964-இல் எஞ்சியிருந்த கலைஞர்கள் கூடி அதை மறுபடி வாசித்தார்கள். எனக்கு அதைப் படித்தபோதுதான் அழுகை வந்தது.

கேட்டவர்:
நன்றி. இன்று மாமி வீட்டுக்குப் போய் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.