நாடு மூழ்குதா, எங்க வீடு மட்டும்தானா?

பம்மல்_பேரேடு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. ரெண்டு கேள்வி. ஒண்ணு என் வீட்டுக்காரரோடது, இன்னொண்ணு என்னோடது.

சென்னையில நாகல்கேணி பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில பதினோரு வருஷமா கணக்கு எழுதுறேன். ஷூவோட மேல்பாகம் தைச்சு அனுப்புற இடம். முக்கால்வாசிச் சரக்கு அமெரிக்காவுக்குத்தான். 2025 ஆகஸ்ட் 27ல அங்க நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டாங்க. செப்டம்பர்ல ஆர்டர் குடுக்கிறவர் "வரியில பாதிய நீங்க ஏத்துக்கோங்க"ன்னு கேட்டார். அக்டோபர்ல மெயிலே வரல. தையல்ல 140 பேர் இருந்தாங்க, இப்ப 60. சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நிக்கிற சுண்டல் வண்டிக்காரர்கூட குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் போயிட்டார். என் சம்பளம் 34,000. மூணு மாசமா முக்கால்தான் வருது, 25,500. பிஎஃப் ரெண்டு மாசமாக் கட்டல. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, சலான் போடுறதே நான்தான்.

வீட்டுக்காரர் மறைமலைநகர் ஃபோர்டு ஆலைக்குப் பாகம் செஞ்சு குடுத்த ஒரு சின்ன கம்பெனியில ஃபிட்டரா இருந்தவர். 2021 செப்டம்பர்ல ஆலைய நிறுத்தப்போறோம்னு அறிவிச்சாங்க. 2022ல கடைசிக் கார் வெளிய வந்தப்போ இவரும் வெளிய வந்துட்டார். இப்ப சொந்தக் கார் வாங்கி கால் டாக்ஸி ஓட்டுறார். கேஸ், கமிஷன் எல்லாம் போக 26,000 நிக்கும். அதனால அவர் பயப்படுறத நான் கிண்டல் பண்ணல. ஒரு தடவ சூடு பட்டவர்.

ஆனா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் யூடியூப். டாலர் 90ஐத் தாண்டிருச்சு, பவுன் லட்சத்தத் தாண்டிருச்சு, அடுத்த இலங்கை நாமதான், இப்படியே ஓடும். எங்க இருந்தோ ஒரு எண்ணப் பிடிச்சு வச்சிருக்கார்: தமிழ்நாட்டுல ஒவ்வொரு குடும்பத்து தலையிலயும் 2,63,976 ரூபா கடன். "உன் பேரேட்டுல இத எழுதினியா?"ன்னு கேக்கறார். அந்த நோட்டீஸ் எங்க வீட்டுக்கு வரலைங்க. வந்த நோட்டீஸெல்லாம் வேற.

அதையும் சொல்லிடறேன். பம்மல் ஃப்ளாட்டுக்கு 2017ல 22 லட்சம் லோன். இஎம்ஐ 19,300, இன்னும் 17,40,000 பாக்கி. 2022ல வட்டி ஏறினப்போ இஎம்ஐ ஏறலைன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் பாத்தா 2037ல முடிய வேண்டியது 2038க்குப் போயிருக்கு. கார் லோன் 11,200, இன்னும் 14 மாசம். லட்ச ரூபா ஏலச் சீட்ட அவசரத்துக்குத் தள்ளி எடுத்தேன், 78,000 கைக்கு வந்துச்சு, இன்னும் எட்டு மாசம் 5,000 கட்டணும். போன வருஷம் பதினோரு பவுன ரெண்டு ரசீதா அடகு வச்சது மூணரை லட்சம், அதுக்கு வட்டியே மாசம் 3,200. கிரெடிட் கார்டுல 62,000 நிக்குது, குறைஞ்சபட்சத் தொகையா மாசம் 3,100 கட்டிட்டு வர்றேன். மொத்தம் 41,800. ரெண்டு பேர் வருமானம் 51,500. மிச்சம் 9,700ல அரிசி, கரண்ட், மெயின்டனன்ஸ், மாமியார் மாத்திரை. பொண்ணு இன்ஜினியரிங் கடைசி வருஷம், இன்னும் 45,000 ஃபீஸ் கட்டணும். கேம்பஸுக்கு இந்த வருஷம் வந்த கம்பெனி ரெண்டு, ரெண்டும் விற்பனை வேலைக்குத்தான்.

அவர் யோசனை: ஃப்ளாட்ட வித்துட்டு செய்யாறு பக்கம் ஊருக்குப் போயிடலாம், மிஞ்சுற பணத்துக்குத் தங்கம். அடகுக் கடையில இருந்து தினமும் போன், "உங்க நகை மதிப்பு ஏறியிருக்கு மேடம், மேல நாலு லட்சம் வாங்கிக்கோங்க"ன்னு.

அவர் கேள்வி: நாடு நெஜமாவே மூழ்குதா? என் கேள்வி: இருக்கிறத வச்சு எத முதல்ல அடைக்கிறது? ஆட்சி, கட்சிச் சண்டை இங்க வேணாம், ப்ளீஸ்.

ஓய்வு_காசாளர்:

வணக்கம்மா. முப்பத்தாறு வருஷம் அரசு வங்கியில இருந்தேன், அதுல பாதிக் காலம் புரசைவாக்கத்துல. முதல்ல உங்க வீட்டுக்காரர் கேள்வி.

1991ல நான் கவுண்டர்ல இருந்தவன். மூணு வாரத்து இறக்குமதிக்குக்கூட டாலர் கையிருப்பு இல்லாத நிலைமை. ஜூலை 1, ஜூலை 3, மூணு நாள்ல ரெண்டு தடவ ரூபாய் மதிப்பக் குறைச்சாங்க. அந்த மாசமே 47 டன் தங்கம் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அடகுக்குப் போச்சு. தாலிய அடகு வச்ச மாதிரின்னு எங்க மேனேஜர் கேண்டீன்ல உக்காந்து கண்ணு கலங்கினார். இன்னைக்கு ரிசர்வ் வங்கிகிட்ட 800 டன்னுக்கு மேல தங்கம் இருக்கு. இங்கிலாந்துல வச்சிருந்ததுல 100 டன்ன 2024ல திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. டாலர் கையிருப்பு பத்து மாச இறக்குமதிக்குத் தாங்கும். ரூபாய் இறங்குறது வலிதான், இல்லைங்கல. ஆனா அது வேற நோய்.

அந்த 2,63,976 பொய் எண் இல்ல. 2021 ஆகஸ்ட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில இருக்கு. மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடிய குடும்பக் கணக்குல வகுத்தது. அந்தக் கடன வசூல் பண்ண யாரும் பம்மலுக்கு வரமாட்டாங்க. கடன் பத்திரங்கள வாங்கினதுல பெரும்பகுதி வங்கி, எல்ஐசி, பிஎஃப்தான், அதாவது உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்க சேமிப்பு. அது உங்ககிட்ட வர்ற வழி வேற, கரண்ட் பில்லுல வரும், பதிவுக் கட்டணத்துல வரும்.

இப்ப உங்க கேள்வி. நீங்க எழுதினதுலயே ஒரு இடத்துல நின்னுட்டேன்: 2017 லோன். அந்தக் காலத்து லோன் எம்சிஎல்ஆர் கணக்குல ஓடும், அதாவது வங்கியே தன் செலவ வச்சுப் போடுற வட்டி. 2019 அக்டோபர்ல இருந்து வங்கிங்க குடுக்கிற மாறும் வட்டி வீட்டு லோன் பெரும்பாலும் ரெப்போவோட கட்டினது, அதாவது ரிசர்வ் வங்கி மத்த வங்கிங்களுக்குக் கடன் குடுக்கிற வட்டி. ரெப்போ 2025 ஒரே வருஷத்துல 6.5ல இருந்து 5.25க்கு இறங்குச்சு. நீங்க போய்க் கேக்காத வரைக்கும் உங்க லோன் பழைய சட்டையிலயேதான் இருக்கும். கிளைக்குப் போய் "ரெப்போ கணக்குக்கு மாத்துங்க"ன்னு எழுதிக் குடுங்க. சின்னதா ஒரு கட்டணம் இருக்கும், அவ்வளவுதான்.

கார்டு பாக்கி மாசம் மூணரை சதவீதம் தின்னும். அத முதல்ல ஒழிங்க. ரெண்டு ரசீதா இருக்கிறது நல்லதாப் போச்சு. சின்ன ரசீத மட்டும் மீட்டு அந்த நகைய வித்துடுங்க. மேல நாலு லட்சம் வேணவே வேணாம். விலை ஏறும்போது கூப்பிட்டுக் குடுக்கிறவன், இறங்கும்போது கூப்பிட்டுக் கேப்பான். வித்த பணத்த வீட்டு லோன்ல கொட்டவும் வேணாம், வேலை ஆடுற நேரத்துல கையில ரொக்கம் இருக்கணும்.

*[இடையில் ஒரு பதிவு நீக்கப்பட்டது: "வீட்டிலிருந்தே நாளுக்கு 3,000" விளம்பரம். இதோடு மூன்றாவது முறை.]*

ஓஎம்ஆர்_ராத்திரிஷிப்ட்:

காசாளர் சார், மன்னிக்கணும். உங்க பதில் பூரா சரி, ஆனா கேக்க எரிச்சலா இருக்கு. 2025 ஜூலை-செப்டம்பர்ல நாட்டோட வளர்ச்சி 8.2 சதவீதம்னு நவம்பர் கடைசியில பேப்பர்ல வந்துச்சு. அதே வாரம்தான் எங்க மேனேஜர் "பத்து நிமிஷம் பேசலாமா"ன்னு கூப்பிட்டார். பன்னெண்டு வருஷம் டெஸ்டிங்ல இருந்தேன், சோழிங்கநல்லூர்ல. டிசிஎஸ் சுமார் 12,000 பேர்னு ஜூலையில வெளிப்படையாவாவது சொல்லுச்சு. எங்க இடத்துல ராஜினாமா கடிதத்த அவங்களே டைப் பண்ணி வச்சிருந்தாங்க, நான் பேர் மட்டும் போட்டேன். ஆட்குறைப்புக் கணக்குல நான் வரவே மாட்டேன். நானா விரும்பிப் போனவன்!

வேளச்சேரிக்காரங்களுக்கு இது புரியும். 2015 வெள்ளத்துலயும் சரி, மிக்ஜாம் புயல்லயும் சரி, ஊரே மூழ்கல. தரைத்தளம்தான் மூழ்குச்சு. மூணாவது மாடியில இருக்கிறவர் பால்கனியில நின்னு "ஏரியெல்லாம் நிரம்பிடுச்சு, நல்ல மழை"ன்னார். அக்கா, நாடு மூழ்கலைன்னு சொல்றவர் எந்த மாடியில இருக்கார்னும் பாத்துக்கோங்க. சார், உங்களுக்கு பென்ஷன் ஒண்ணாம் தேதி வந்துடுதுல்ல?

ஓய்வு_காசாளர்:

வந்துடுது தம்பி. கோவப்படல. என் பையனும் பெருங்குடியிலதான் இருக்கான், அவனையும் இன்னும் கூப்பிடல, அவ்வளவுதான்.

வெள்ளவத்தை2022:

அக்கா, நான் கொழும்பில இருந்து 2022 கடைசியில வந்தனான். இப்ப வளசரவாக்கம். உங்கட வீட்டுக்காரர் பாக்கிற வீடியோவுக்கு ஒரு சொல்லு. மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபா, மே மாசம் 360. ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அரசாங்கமே அறிவிச்சது. நான் பெற்றோலுக்கு ராத்திரி முழுக்க வரிசையில நிண்டன், விடியக்காலமை "இல்லை" எண்டு போர்ட் மாட்டினாங்கள். பிறகு கியூஆர் கோட் காட்டினால் வாரத்துக்கு இத்தனை லீட்டர் எண்டு அளந்து அடிச்சவை. அம்மாவின்ர பிரஷர் குளிசைக்கு நாலு பாமசி ஏறி இறங்கினன். அவர் டாக்ஸி ஓட்டுறவர்தானே? பங்கில போய் நிண்டா அடிக்கிறாங்களோ இல்லையோ எண்டு அவரையே கேளுங்கோ. கஷ்டம் இல்லை எண்டு சொல்லேல்லை. பேர் மாத்தி வைக்காதேங்கோ எண்டு சொல்லுறன்.

அம்பத்தூர்_பழசு:

எல்லாரும் வட்டியப் பத்தியே பேசுறீங்க, அந்தம்மா வேலைய யாரும் பாக்கல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில இருபது வருஷம் சங்கத்துல இருந்தவன் சொல்றேன். சகோதரி, என்ன சொன்னாலும் ராஜினாமா எழுதிக் குடுக்காதீங்க. மேல ஒரு தம்பி போட்டாரே கையெழுத்து, அதுலதான் எல்லாம் போச்சு. அவங்க நிறுத்தினா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு, அது போக கிராஜுவிட்டி. நீங்களாப் போனா கிராஜுவிட்டி மட்டும்தான். அடிப்படைச் சம்பளம் 18,000னு வச்சா, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, பதினோரு வருஷத்துக்கு கிராஜுவிட்டி 1,14,230 வரும். நீங்களே கணக்குப்பிள்ளை, போட்டுப் பாருங்க. கணக்கு எழுதுறவங்க சட்டப்படி தொழிலாளிதான், ஆனா பதவிப் பேர்ல "மேலாளர்", "மேற்பார்வை"ன்னு ஏதாவது ஒட்டியிருந்தா அதப் பிடிச்சு வாதாடுவாங்க. அடையாள அட்டையில என்ன போட்டிருக்கு? குறைச்சுக் குடுத்த மூணு மாசத்துக்கும் சம்பளச் சீட்டு வாங்குங்க. வாய்க்கணக்கு எங்கயும் நிக்காது.

பம்மல்_பேரேடு:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

வங்கிக்குப் போனேன். நம்ம லோன் 9.05ல ஓடிட்டு இருந்துச்சு. ரெப்போ கணக்குக்கு மாத்தினா 7.9. கட்டணம் ஜிஎஸ்டியோட ரெண்டாயிரத்துச் சொச்சம். "முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே மாத்தியிருப்போமே மேடம்"னார் அந்தத் தம்பி, ரொம்ப அன்பா. ஊரான் கணக்கையெல்லாம் பைசா சுத்தமா எழுதுறவ, என் லோன் எந்தக் கணக்குல ஓடுதுன்னு எட்டு வருஷமாப் பாக்கல. மாசக் கணக்கக் கூட்டாம இஎம்ஐயக் குறைச்சுக்கிட்டேன், இனி 18,150.

தங்கச்சிகிட்ட ஒரு நாளைக்குக் கைமாத்து வாங்கி, வட்டியோட 1,34,500 கட்டி நாலு பவுன் ரசீத மீட்டேன். என் கல்யாண நெக்லஸ். பல்லாவரத்துல உருக்கிப் பாத்து, சேதாரம்னு கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு 3,86,000 குடுத்தாங்க. இருபத்துமூணு வருஷம் முன்னாடி வாங்கும்போதும் சேதாரம் நாங்கதான் குடுத்தோம்! தங்கச்சி பணம், கார்டு, பொண்ணு ஃபீஸ் எல்லாம் போக 1,44,500 கையில. மாசச் செலவுல 5,400 சொச்சம் குறைஞ்சிருக்கு. அடகுக் கடை நம்பர பிளாக் பண்ணிட்டேன்.

அம்பத்தூர் அண்ணா, அட்டையில "கணக்கு உதவியாளர்"னுதான் இருக்கு. போன வாரம் முதலாளி கூப்பிட்டு "ரெண்டு மாசம் சம்பளமில்லாத லீவுல இருக்கியாம்மா"ன்னார். எழுத்துல குடுங்க சார்னேன். கொஞ்ச நேரம் முகத்தையே பாத்துட்டு அப்புறம் சொல்றேன்னுட்டார். இன்னும் சொல்லல. ஓஎம்ஆர் தம்பி, நீங்க சொன்ன மாடிக் கதைய அவர்கிட்ட சொன்னேன், "நாம எந்த மாடி?"ன்னு கேட்டார். நம்ம ஃப்ளாட் ரெண்டாவது மாடிதான், ஆனா பாதி இன்னும் வங்கியோடதுன்னேன். சிரிச்சார், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

வெள்ளவத்தை தம்பியோட பதில அவரே ரெண்டு தடவ படிச்சார். ஒண்ணும் சொல்லல. செய்யாறு பேச்சு இந்த வாரம் வரல, ஆனா வீடியோ ஓடிட்டுத்தான் இருக்கு. நேத்து ராத்திரி பாதியில நிறுத்திட்டு "அந்த ரெப்போ மறுபடி எப்ப மாறும்?"னு கேட்டார். பிப்ரவரியில ரிசர்வ் வங்கியில கூடிப் பேசுவாங்கன்னேன். இன்னைக்குத் தேதி ஆறு. சம்பளம் இன்னும் வரல. பத்தாம் தேதி இஎம்ஐ.