கருவாட்டு மீன் நீர் விடுகிறது, அலையாத்தி இலை வாடவில்லை: செல் சவ்வு செய்வது என்ன?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவி, தொண்டிப் பக்கம்

பெரியோர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் கருவாடு போடுவது வழக்கம். சாளையைக் கழுவி உப்போடு அடுக்கடுக்காகத் தொட்டியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் காலையில் மீன் தான் விட்ட நீரில் அமிழ்ந்து கிடக்கிறது. இது சவ்வூடு பரவல், அதாவது உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வது, என்று பாடத்தில் படித்தேன். ஆனால் சென்ற வாரம் காரங்காட்டில் அலையாத்தி இலை ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, அதன்மேல் உப்புத் துகள்கள் மின்னின; நாவில் வைத்தால் கரித்தது. இலையோ தடிப்பாகப் பசுமையாகவே இருந்தது. இரண்டிலும் செல் சவ்வு உண்டு, இரண்டையும் உப்பு சூழ்ந்திருக்கிறது. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பதில் 1: தாவரவியல் ஆசிரியர், இராமநாதபுரம்

மகளே, சவ்வின் அமைப்பில் தொடங்குவோம். பாஸ்போலிப்பிட் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை ஒதுக்கும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்க, தலைகள் இருபுறமும் நீரை நோக்க, சுமார் 7 நானோமீட்டர் தடிமனில் இரண்டடுக்குப் படலம் தானாகவே அமைந்துவிடுகிறது. அது திரவம்போல் நெகிழ்ந்து நகர்வதையும், அதில் புரதங்கள் பதிந்து மிதப்பதையும் சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் விளக்கினர். கொழுப்பாலான நடுப்பகுதியை ஆக்சிஜன் எளிதில் கடந்துவிடும்; மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனிக்கோ ஒரு புரதம் வழிவிட்டாக வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் உன் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

அலையாத்தி வேரில் செல்களுக்கு இடையே உள்ள வழியைக் காஸ்பரியன் பட்டை அடைத்துவிடுவதால், உள்ளே போகும் எதுவும் அந்த இடத்தில் ஒரு சவ்வைக் கடந்தே போக வேண்டும். சவ்வோ அக்குவாபோரின் புரதங்கள் வழியே நீரை விட்டு, உப்பின் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம். அதை மிஞ்சும் விசையோடு இலைகள் நீரை மேலே இழுப்பதை ஷோலாண்டர் குழுவினர் 1965-இல் அளந்து காட்டினர். அப்படியும் நீரோடு ஏறிவரும் உப்பை இலையின் உப்புச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. வெளியே வந்த உப்பு இலையின் நீரைத் திரும்ப இழுக்காதபடி மேல்தோலின் மெழுகுப் பூச்சு காக்கிறது. நீ நாவில் வைத்தது, செல்கள் தம் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து வெளியே தள்ளிய உப்பு.

பதில் 2: மீன்வளம் பயின்றவர், மண்டபம்

ஐயா சொன்னதோடு மீனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தங்கச்சி. செத்த மீன் மட்டுமே நீரை இழக்கிறது என்று எண்ணிவிடாதே. சாளையின் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவு கடல்நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உயிரோடு நீந்தும்போதும் அது ஓயாமல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்டக் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே வரும் உப்பைச் செவுளின் சிறப்புச் செல்கள் வெளியேற்றுகின்றன.

இங்கே பலர் தடுமாறுவார்கள். அந்தச் செல்களின் சவ்வில் அயனிகளைத் தள்ளும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்ப் உப்பை நேரே கடலுக்குள் தள்ளுவதில்லை. அது செல்லின் இரத்தப் பக்கச் சவ்வில் இருந்துகொண்டு, ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் குறைந்துவிட, இரத்தத்திலிருந்து உள்ளே திரும்பும் சோடியம், குளோரைடையும் சேர்த்து இழுத்து வருகிறது. அந்தக் குளோரைடு கடல் பக்கத்துக் கால்வாய்ப் புரதம் வழியாக வெளியேற, சோடியம் செல்களின் இடுக்கு வழியே அதைப் பின்தொடர்கிறது. இந்தப் பம்பை 1957-இல் கண்டறிந்த ஸ்கௌ, 1997-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மீன் செத்தால் ஏடிபி தீர்ந்து பம்ப் நின்றுவிடும். பிறகு சவ்வும் சிதையும். அதனால்தான் தொட்டியில் நீர் வெளியேறுவதோடு, உப்பும் சதைக்குள் ஊறுகிறது.

மாணவி

நன்றி ஐயா, நன்றி அக்கா. சவ்வு சிதைவதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

பதில் 3: பள்ளி ஆய்வக உதவியாளர், கீழக்கரை

உண்டு அம்மா, அடுப்படியிலேயே பார்க்கலாம். பீட்ரூட்டைச் சிறு துண்டுகளாக்கி, வெட்டுப்பட்ட செல்களின் சாயம் போகும்வரை குழாய் நீரில் நன்றாக அலசிக்கொள். பிறகு ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் மற்றொன்றைக் கொதித்து இறக்கிய நீரிலும் போடு. முதல் தம்ளர் வெகுநேரம் ஏறத்தாழ தெளிவாகவே இருக்கும். இரண்டாவதில் துண்டைச் சுற்றிச் செந்நிறம் புகைபோல் இறங்கத் தொடங்கும். செல்லுக்குள் நிறமியை வைத்திருக்கும் பையான நுண்குமிழின் சவ்வும் செல் சவ்வும் வெப்பத்தில் குலைந்து, உள்ளே அடைபட்டிருந்த நிறமி வெளியேறுவதையே அப்போது நீ பார்ப்பாய்.