முதல் கிளையண்ட்: இலவசமா செஞ்சு கொடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டையான்: மூணு மாசமா அப்வொர்க்ல (ஆன்லைன்ல ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கிற தளம்) ப்ரபோசல் போடறேன். லேபிள், பேக்கேஜிங் டிசைன். நாப்பது போட்டதுல பதில் வந்தது ரெண்டு. அதுல ஒரு ஆள் டெலிகிராமுக்கு வரச் சொல்லி டெபாசிட் கேட்டான். "முதல் வேலையை சும்மா செஞ்சு கொடு, ரிவ்யூ கிடைக்கும்"னு ஃப்ரெண்டு சொல்றான். செய்யலாமா?

கரிசக்காட்டான்: வேண்டாம். டெபாசிட் கேட்டவன் திருடன், அவனை விடுங்க. அப்வொர்க்ல ப்ரபோசல் அனுப்ப காசு கொடுத்து வாங்கற டோக்கன்தான் கனெக்ட், ஒண்ணு 15 சென்ட். ஒரு ப்ரபோசலுக்கு 15 கனெக்ட் கேட்டா ரெண்டே கால் டாலர் காலி. அந்தக் காசுக்கு டீ குடிச்சுக்கிட்டே உங்க ஊர்ல பத்துக் கடை ஏறி இறங்கலாம். என் முதல் கிளையண்ட் எங்க தெரு மரச்செக்குக்காரர். பாட்டில் லேபிள்ல எண்ணெய் பட்டு மை கரைஞ்சு, எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க லைசென்ஸ் எண்ணே படிக்க முடியலை. லேமினேஷன் போட்டு ஒண்ணு அச்சடிச்சு, அவர் பாட்டில்லயே ஒட்டிக் காட்டினேன். 3,000 ரூபாய் கொடுத்தார்.

பின்கோடு இல்லாதவன்: அண்ணே, அதுவும் இலவச சாம்பிள்தானே?

கரிசக்காட்டான்: ஒரே ஒரு லேபிள், நானா செஞ்சது. கிளையண்ட் சொல்ற பதினெட்டுத் திருத்தத்தையும் ஓசியில செய்யறது வேற தம்பி.

பின்கோடு இல்லாதவன்: செக்குக்காரர் வருஷத்துக்கு எத்தனை லேபிள் மாத்துவார்? எனக்கு ஃபைவர்ல (அப்வொர்க் மாதிரி இன்னொரு தளம்) முதல் ஆர்டர் 5 டாலர். 20 சதவீதம் கமிஷன் போக 4. அதை எடுக்க 14 நாள் காத்திருந்தேன். ஆனா அதே ஆள் ஆறு தடவை திரும்பி வந்தார். "எல்லா டிசைனும் செய்வேன்"னு போட்டிருந்தப்ப ஈ ஓட்டினேன். "காபித்தூள் பாக்கெட்"னு மாத்தினதும்தான் ஆள் வந்துச்சு.

கோலமாவு: நான் ஓசியில செஞ்சு கொடுத்தவ. மசாலா கம்பெனி ஒண்ணுக்கு மூணு சாம்பிள். "பிடிக்கலைம்மா"ன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மளிகைக் கடையில நான் வரைஞ்ச மிளகாயே அவங்க பாக்கெட்ல சிரிக்குது! ரிவ்யூவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையான்: எங்க மாமா ஜவ்வரிசி மொத்த வியாபாரம். அரைக்கிலோ பாக்கெட் போடப் போறாராம். சொந்தக்காரர்கிட்ட அட்வான்ஸ் எப்படிக் கேக்கறது?

கோலமாவு: பாதி முன்னாடி. பிரஸ்ஸுக்குப் போற ஃபைல் மீதி வந்த அப்புறம். அதுவரைக்கும் வாட்ஸ்அப்ல வாட்டர்மார்க் போட்ட படம் மட்டும். மாமான்னா ரெண்டு வாட்டர்மார்க்.