அழுத்திய ஷட்டர் பட்டன் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது – பென்டாக்ஸ் கே1000

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பல வருடம் அலமாரியில் கிடந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்கிறது, ஃபிலிமை நகர்த்தும் லீவரும் நன்றாகச் சுற்றுகிறது. ஷட்டர் பட்டன்தான் தொல்லை. அழுத்தினால் ஷட்டர் விழுகிறது, ஆனால் விரலை எடுத்த பிறகும் பட்டன் உள்ளேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மேலே வரும். சில சமயம் நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது. குளிர் நேரத்தில் இன்னும் மோசம். உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கிறது. எடுத்த படங்கள் வெளிச்சம் அதிகமாகி வீணாகியிருக்குமா? எண்ணெய் விடலாமா?

பதில்:
துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இருந்தால் லேசாக அடித்துப் பாருங்கள். உடனே இளகிவிடும்.

பதில்:
தயவுசெய்து ஸ்ப்ரே வேண்டாம். முதல் நாள் இளகும், உண்மைதான். அப்புறம் அந்த எண்ணெய் உள்ளே பரவி மிரர் பொறி, ஷட்டர் திரை என்று போய்ச் சேரும். கே1000-இல் இருப்பது ரப்பர் பூசிய துணித் திரை. அதில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், திரை ஓடும் வேகமும் கெடும். பட்டனில் இருந்த சின்னக் கோளாறு ஷட்டருக்கே வந்துவிடும்.

படங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இது முழுக்க இயந்திர ஷட்டர், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். 1/125 விநாடி என்று வைத்தால் திரை எப்போது மூடவேண்டும் என்பதை உள்ளே இருக்கும் பொறியே முடிவு செய்கிறது. விரல் பட்டனில் இருந்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். ‘பி’ நிலையில் மட்டும் பட்டன் கீழே இருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். ஒரு ஃப்ரேம் போனாலும் பரவாயில்லை என்றால் ‘பி’யில் வைத்து, வியூஃபைண்டரைப் பார்த்தபடி அழுத்தி விடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்வரை இருட்டாகத் தெரியும், விரலை எடுத்ததும் அந்த இருட்டு விலக வேண்டும். தாமதமானால் பட்டன் நிஜமாகவே கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, ஒரு கேபிள் ரிலீஸ் (பட்டனைத் தொடாமல் ஷட்டரை இயக்க உதவும், முனையில் ஊசி உள்ள கம்பி) கிடைத்தால் பட்டன் நடுவில் உள்ள மரையில் திருகி, அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளின் ஊசி பட்டனைத் தள்ளாது, பட்டனுக்கு அடியில் இருப்பதைத்தான் தள்ளும். கேபிளில் சட்டென்று மூடி, விரலில் மட்டும் தாமதமானால் அழுக்கு பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கிறது. கேபிளிலும் தாமதமானால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

கேட்டவர்:
மிக்க நன்றி சார். ரோலை முடித்து எடுத்துவிட்டு, நண்பரின் கேபிளை வாங்கிப் பார்த்தேன். கேபிளில் உடனே மூடுகிறது. விரலால் அழுத்தினால்தான் இழுக்கிறது. அப்படியென்றால் வளையம்தானே? மேல்தகட்டைக் கழற்ற வேண்டுமா?

பதில்:
வளையமேதான், நல்ல செய்தி! விரல் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசியோடு சேர்ந்து அந்த இடுக்கில் பிசினாகிவிடும். தகட்டில் கை வைக்காதீர்கள். அடியில் மீட்டரின் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. போதாததற்கு, ஜப்பானியத் திருகுகளில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்காராமல் தலையைச் சிதைத்துவிடும்.

99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். நகப்பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், அதுவும் வேண்டாம். கேமராவைத் தலைகீழாகப் பிடியுங்கள், இதுதான் முக்கியம். அப்போதுதான் கரைந்த அழுக்கு உள்ளே இறங்காமல் வெளியே வரும். மெல்லிய தூரிகையை நனைத்து, நன்றாக உதறி, பட்டன் இடுக்கைச் சுற்றித் தடவுங்கள். லீவரை இழுத்துப் பட்டனை அழுத்துங்கள், துடையுங்கள், மறுபடி தடவுங்கள். பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும்வரை பொறுமையாகச் செய்யலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது.

இன்னொருவர்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனன் ஏஇ-1 போன்ற கேமராவில் பட்டன் வெறும் மின் சுவிட்ச். அழுத்தியும் ஷட்டர் விழவில்லை என்றால் முதலில் 6 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். நிக்கான் எஃப்எம்2 என்றால் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். உடலோடு ஒட்டியிருந்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும், அது பழுதே இல்லை.

கேட்டவர்:
சொன்னபடி செய்தேன். பஞ்சு முழுக்கக் காப்பிப் பொடி நிறம்! இப்போது விரலை எடுத்ததும் பட்டன் துள்ளி எழுகிறது. ரொம்ப சந்தோஷம் சார். இனி வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் வைக்கவா?

பதில்:
வேண்டாம், உலர்ந்தே இருக்கட்டும். எண்ணெய் வைத்தால் அடுத்த பிசினுக்கு நாமே வழி செய்வதாகிவிடும். புது ரோல் போடும் முன் பின்மூடியைத் திறந்து 1 விநாடி, 1/2, 1/4 ஆகிய வேகங்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரை தயங்கினாலோ பாதியில் நின்றாலோ முழு சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒழுங்காக ஓடினால் தாராளமாக ரோல் போடலாம்.