லு ஆவ்ர் 'மூமா' மியூசியம்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

கரைக்காகம்

பிரான்ஸின் துறைமுக ஊரான லு ஆவ்ரில் இருக்கிற ஓவிய மியூசியம்தான் மூமா. மொனே, பூதேன் இரண்டு பேரும் இந்தக் கடலோரத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர்கள் என்பதற்கு மேல் இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூமாவில் ஓவியர் பிஸாரோவின் துறைமுகப் படங்கள் இருக்கின்றன அல்லவா, 1903 கோடையில் வந்து தங்கி, ஹோட்டல் ஜன்னலில் இருந்தபடி வரைந்தவை, அந்த நவம்பரிலேயே ஆள் இறந்துவிட்டார். அதில் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர், பாய்மரம், கொஞ்சம் புகை, கரையோரம் கறுப்புக் கறுப்பாக ஜனக்கூட்டம். அப்போது கூடத்தில் ஒரு சலசலப்பு. திரும்பினால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பையே யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி நகர்கிறது. துறைமுக வாயில் அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே இருக்கிறது என்று படித்திருந்தேன், ஆனால் இவ்வளவு பக்கத்திலா! அறையில் இருந்த அத்தனை பேரும், காவலுக்கு நின்ற பெண் உட்பட, படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் நகரவில்லை. என்னைப் பார்த்தார், ஜன்னலோரக் கூட்டத்தைக் காட்டினார், அப்புறம் படத்தில் கரையோரம் நின்ற கூட்டத்தைக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல்தான் ஞாபகத்தில் நிற்கிறது, மொனேவின் அல்லிக்குளம் கூட அடுத்த இடம்தான்.

பென்சில் சீவி

கப்பலைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, நான் போன அன்று மழை. எனக்குப் பிடித்தது பூதேன் சுவர். அவர் இறந்த பிறகு தம்பி லூயி 1900இல் இந்த ஊருக்குக் கொடுத்தது, 200 படங்களுக்கும் மேலே. பாதிக்கு மேல் முடிக்காத சின்னச் சின்னப் பலகைகள், மாடு மாடாக. ஒரு மாட்டுக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு முதுகு மட்டும்தான் இருக்கிறது. விற்பதற்காக வரைந்தது இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது, கை பழகுவதற்காக வரைந்தவை. அதனால்தான் எனக்கு அந்தச் சுவரை விட்டு நகர முடியவில்லை, கண்ணாடி போட்டு மாட்டிய பெரிய படங்களைவிட இதில் ஆள் எப்படி வேலை செய்தார் என்பது தெரிகிறது.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் மாடு. ஒரு பையன் மட்டும் தாள் முழுக்க சாம்பல் நிற கிரேயானைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்துவிட்டு, முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டான். டீச்சர் வந்து ஏதோ கேட்டார், குரலில் கோபம் தெரிந்தது. பையன் ஜன்னலைக் காட்டினான். வெளியே கடலும் இல்லை வானமும் இல்லை, ஒரே சாம்பல். டீச்சர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, அவன் தாளின் ஓரத்தில் மணியை எழுதச் சொன்னார். பூதேன் அப்படித்தான் செய்வாராம், மேகம் வரைந்தால் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்து வைப்பாராம். 1859இலேயே கவிஞர் போதலேர் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்த டீச்சருக்கு அது தெரிந்து சொன்னாரா, தற்செயலா, கேட்க எனக்கு பிரெஞ்சு வராது.

லசார் பிளாட்பாரம்

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இதைப் படித்துவிட்டு யாராவது மொனேவின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' படத்தைப் பார்க்கலாம் என்று டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்கள். அந்தப் படம் அங்கே இல்லை! 1872இல் லு ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்து வரைந்தது உண்மை, 1874 கண்காட்சியில் அதன் பெயரை வைத்து ஒரு பத்திரிகைக்காரர் கிண்டலடிக்கப்போய் அந்த ஓவிய இயக்கத்துக்கே 'இம்ப்ரெஷனிசம்' என்று பெயர் அமைந்ததும் உண்மை, ஆனால் படம் இருப்பது பாரிஸில், மார்மொத்தான் மியூசியத்தில். 1985இல் அங்கேயிருந்து துப்பாக்கியைக் காட்டித் திருடிக்கொண்டு போய், 1990இல் கோர்சிகாவில் கண்டுபிடித்தார்களே, அதே படம்தான். 2017இல் ஊருக்கு 500 வயது என்று ஒரு மாதம் போல லு ஆவ்ருக்கு இரவல் வந்தது. நான் அப்போது போனேன். படத்தின் முன்னால் ஒரு அம்மாள், இந்த ஊர்க்காரர் என்று நினைக்கிறேன், "இவ்வளவு சின்னதா!" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு. பாரிஸிலிருந்து போனால் சேன் லசாரில் ஏறுங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மொனே 1877இல் வரிசையாக வரைந்தாரே, அந்த ஸ்டேஷன்தான், அதனால் கொஞ்சம் முன்னாலேயே போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். ரயிலில் போகும்போது ரூவான் வரும், இறங்கிவிடாதீர்கள், அங்கே தேவாலயத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். லு ஆவ்ரில் இறங்கினால் மியூசியம் வரை நடக்கலாம், ஆனால் காற்று அடிக்கும், குடையை நம்பாதீர்கள், தொப்பி வைத்த ஜாக்கெட் போதும். வழியில் சேன் ஜோசப் தேவாலயம், வெளியே பார்த்தால் வெறும் கான்கிரீட் கோபுரம், 107 மீட்டர், உள்ளே போய் நிமிர்ந்தால்தான் வண்ணக் கண்ணாடி தெரியும். மியூசியத்தில் முதலில் மேல்மாடிக்குப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போங்கள், அந்தக் கட்டடமே பகல் வெளிச்சத்துக்காகக் கட்டியது. 1961இல் அப்போதைய கலாசார அமைச்சர் மால்ரோ திறந்து வைத்தது, கண்ணாடியும் உலோகமும்தான், சுவர் என்று சொல்ல அதிகம் இல்லை. சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து பாருங்கள். நேரமிருந்தால் நார்மண்டிப் பாலத்தைத் தாண்டி ஓன்ஃப்ளேர் போங்கள், பூதேன் பிறந்த ஊர், அங்கே அவர் பேரிலேயே இன்னொரு மியூசியம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பாரிஸிலேயே ஓர்சே மியூசியத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

பருத்தித்துறை மகள்

உங்கட ரயில் நேரம் எல்லாம் சரி அண்ணை, ஆனால் ஒரு நாள் இருந்தாலும் நான் ஓர்சே போகச் சொல்ல மாட்டேன். அங்கே தலைகளுக்கு நடுவால்தான் படம் பார்க்க வேணும்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற நேரம் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு ஓவியத்தில் அப்படி ஒன்றும் ஈடுபாடு இல்லை, கடல் பார்க்கலாம் என்றுதான் வந்தவ. ரயிலில் வரும்போது, இந்த ஊர் 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தரைமட்டமானது, கிட்டத்தட்ட 2000 பொதுமக்கள் செத்தவை, பிறகு ஓகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர்தான் முழுக்கக் கான்கிரீட்டில் திருப்பிக் கட்டினவர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய மியூசியமும் அதில்தான் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தா.

உள்ளே ரெனுவாரின் ஒரு படத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் கேட்டா: "குண்டு போடேக்க இதுகளை எங்க வச்சிருந்தவை?" இந்தப் படம் அப்போது ஒரு பருத்தி வியாபாரியின் குடும்பத்திடம் இருந்தது, அவருடைய பேத்தி 2004இல்தான் ஊருக்குக் கொடுத்தது, மியூசியத்தின் படங்களில் பெரும்பாலானதை முதலே வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாசித்ததைச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினா. "அப்ப இவையளுக்கு நேரம் இருந்திருக்கு" என்றா. அவ பள்ளிக்கூட நாளிலிருந்து யாழ் நூலகத்துக்குப் போய் வந்தவ, 1981 அவவுக்கு வாசித்துத் தெரிந்த விஷயம் இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டேன். அவ வரவில்லை. அந்த ரெனுவாரின் பெண்ணுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, அவளின் தொப்பி வடிவாயிருக்கு என்றா.

கரைக்காகம்

பருத்தித்துறை மகள், அம்மாவின் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

லசார், நீங்கள் எழுதியதில் உங்கள் கதை நாலு வரி, மீதி எல்லாம் சுற்றுலாக் கையேடு. யார் கேட்டார்கள்? சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய் எங்கே சாப்பிடுவது, அந்தக் காற்றிலா? முதலில் மேல்மாடி என்பதும் சரியில்லை, ஒழுங்கு பார்த்துப் போகிற மியூசியமா அது, கண் எங்கே போகிறதோ அங்கே போகவேண்டியதுதான்.

அரை டிக்கெட்

எல்லாரும் தண்ணீரும் மேகமுமாக எழுதுகிறீர்கள், வல்லோத்தோனின் 'வால்ஸ்' படத்தை ஒருவரும் சொல்லவில்லையே! 1893. அதுவும் அந்தப் பருத்தி வியாபாரி ஒலிவியே சென் சேர்த்த படம்தான். ஐஸ் சறுக்கு மேடையில் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், கீழே ஓரத்தில் ஒரு பெண்ணின் முகம் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, சொக்கிப்போய். நான் போனது மனைவியோடு, வாசலிலேயே ஏதோ ஒரு சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. தனித்தனியாகச் சுற்றினோம். அவளும் அந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். "இவளுக்கு என்ன, தூக்கமா?" என்றாள். சண்டை முடிந்ததா என்றால் இல்லை, ரயிலில் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் இப்போதும் தூக்கமா சுகமா என்று எங்களுக்குள் தகராறுதான்.

லசார் அண்ணன் சொல்வதில் ஒன்று சரி, குடை வேண்டாம். என்னுடையது கடற்கரையிலேயே திரும்பிக்கொண்டது.

லசார் பிளாட்பாரம்

குடையாவது ஒத்துக்கொண்டீர்களே. காகம், சாப்பாட்டை மியூசியத்துக்குள் சாப்பிடச் சொல்லவில்லை, ரயிலில் சாப்பிடத்தான் சொன்னேன். மேல்மாடி விஷயத்தில் நான் மாறுவதாக இல்லை. பருத்தித்துறை மகள், அந்த ரெனுவார் படத்தில் கையில் தடி வைத்திருப்பாளே, ஊர் சுற்றக் கிளம்பிய பெண், அதுதானே? எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் இருக்கிறது, தொப்பி எப்படி இருந்தது என்று யாராவது சொல்லுங்கள்.